பார்ட் ஒன்று முதல் பார்ட் ஐந்து வரை: மேஜர் தவிர மற்ற பாடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தொடங்கி ஆகஸ்ட் வரை என் போன் ஓயாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன், கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன், அதோடு பல வருடங்களாகச் சுற்றுச்சூழல் வகுப்பும் விழுமியக் கல்வி வகுப்பும் என் தலையில்தான். அதனால் தெருவில், பேருந்தில், கல்யாண வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்பது ஒரே மாதிரி சந்தேகங்கள். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, பி.காம். சேர்ந்துட்டு எதுக்குத் தமிழும் இங்கிலீஷும் படிக்கணும்? அதான் ஸ்கூல்லயே படிச்சாச்சே?

பட்டத்தின் பெயர் பி.காம். என்றாலும், பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தை ஐந்து பகுதிகளாகத்தான் பார்க்கிறது. பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறு ஒரு மொழி. பார்ட் இரண்டு ஆங்கிலம். பார்ட் மூன்றுதான் நீங்கள் நினைக்கும் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், அதோடு அலைடு என்கிற துணைப் பாடம், எலெக்டிவ் என்கிற விருப்பப் பாடம் எல்லாம். பார்ட் நான்கில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பாடங்கள், வேறு துறைப் பாடம். பார்ட் ஐந்து என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டம் மாதிரி வெளிப்பணி. ஐந்தும் சேர்ந்தால்தான் பட்டம்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைத்தார்கள். ஒரே துறையை மட்டும் படித்துவிட்டு வெளியே வரும் பட்டதாரி போதாது, எல்லோருக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்று அந்தக் குழு அப்போதே சொன்னது. பள்ளியில் படித்த தமிழும் கல்லூரித் தமிழும் ஒன்றில்லை என்பதை வகுப்பிலேயே பார்க்கிறேன். பக்தி இலக்கியம் நடத்தும்போது, அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்ற கதையைச் சொன்னேன். பின் பெஞ்சில் இருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, எங்க ஊர் கரையேறவிட்டகுப்பம். அது இதுதானா?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து பேருந்துப் பலகையில் பார்த்த பெயர் அது. அன்று முழுவதும் அந்த வகுப்பு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

மொத்தம் எத்தனை கிரெடிட்? மேஜருக்கு எவ்வளவு, மத்ததுக்கு எவ்வளவு?

கிரெடிட் என்றால் ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் எண். தமிழ்நாட்டில் உயர்கல்வி மன்றம் 2023-24-ல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்று வருடத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். பார்ட் ஒன்றுக்கு 12, பார்ட் இரண்டுக்கு 12, பார்ட் மூன்றுக்கு 92, பார்ட் நான்குக்கு 23, பார்ட் ஐந்துக்கு 1. கூட்டிப் பாருங்கள், மேஜர் பக்கம் சேராதது மட்டும் 48. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தன்னாட்சிக் கல்லூரிகளில் இது கொஞ்சம் கூடும், குறையும். உங்கள் கல்லூரிக் கையேட்டில் இந்த அட்டவணை இருக்கும், முதல் வாரமே அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தன, இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அண்ணன் அக்கா படித்த காலத்துத் திட்டத்தை வைத்துக்கொண்டு "எனக்கும் அதே மாதிரிதான்" என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சேர்ந்த வருடத்தின் விதிமுறைதான் கடைசி வரை உங்களுக்குப் பொருந்தும்.

பாண்டியில படிக்கிற எங்க அண்ணன் பையன் எம்.டி.சி., வி.ஏ.சி.ன்னு என்னென்னமோ சொல்றான். அது வேறயா?

வேறுதான். கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம், ஆனால் பாலத்தைத் தாண்டினால் பாடத்திட்டமே மாறிவிடுகிறது. புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே 2023-24 முதல் புதிய கல்விக் கொள்கைப்படி யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்ன அமைப்பு. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்பதால் நம் பக்கம் பழைய ஐந்து பார்ட் முறையே ஓடுகிறது.

யு.ஜி.சி. அமைப்பில் மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருட ஆனர்ஸுக்கு 160. மூன்று வருடக் கணக்கில் மேஜர் 60, மைனர், அதாவது இரண்டாம் நிலைப் பாடம், 24. மீதிதான் பொதுவான பகுதி: பல்துறைப் பாடம், அதாவது எம்.டி.சி., 9 கிரெடிட். மொழிப் பாடங்களை ஏ.இ.சி. என்கிறார்கள், அது 8. திறன் பாடம் 9. சுற்றுச்சூழல், யோகா, இந்தியாவைப் பற்றிய அறிமுகம் போன்றவை மதிப்புக் கூட்டுப் பாடமான வி.ஏ.சி.யில் வரும், 6 முதல் 8 வரை. இன்டர்ன்ஷிப் 2 முதல் 4. பெயர்கள் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது நம் பார்ட் ஒன்று, இரண்டு, நான்கின் உறவுக்காரர்கள்தான்.

சுற்றுச்சூழல் பேப்பர்ல பெயிலானா டிகிரி கொடுக்க மாட்டாங்களா? அது மேஜரே இல்லையே!

கொடுக்க மாட்டார்கள். இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ஆறு செமஸ்டர் மார்க்‌ஷீட். கணிதத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல். சென்னையில் ஒரு வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு புரொவிஷனல், அதாவது தற்காலிகப் பட்டச் சான்றிதழ், கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் போய்க் கேட்டால் "உனக்கு ஒரு பேப்பர் நிற்குதும்மா" என்றிருக்கிறார்கள். முதல் வருடத்தில் காய்ச்சல் வந்து எழுதாமல் விட்ட இரண்டு கிரெடிட் பேப்பர். மார்க்‌ஷீட்டில் அந்த வரிக்கு எதிரே இரண்டு எழுத்து, 'ஏஏ'. ஆப்சென்ட். இரண்டு வருடம் அந்த எழுத்துகளை அவரும் பார்க்கவில்லை, வீட்டிலும் பார்க்கவில்லை, வகுப்பாசிரியரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அடுத்த தேர்வு நவம்பரில், ரிசல்ட் அதற்கும் பிறகு. அந்த வேலை போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார், ஆனால் அந்த மாலை அவர் அம்மா எங்கள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

92 கிரெடிட் மேஜரில் பாஸ் ஆனாலும் மொத்தம் 140 வராமல் பட்டம் வராது. பேப்பர் சின்னதா பெரியதா என்று பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை.

அந்தப் பேப்பரை இந்தியா முழுக்க எல்லாருக்கும் ஏன் வெச்சிருக்காங்க?

உச்ச நீதிமன்றம் சொன்னதால். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில் 1991-ல் வந்த உத்தரவு, சுற்றுச்சூழலை எல்லா நிலையிலும் பாடமாக்கச் சொன்னது. 2003-ல் நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்திய பிறகு, யு.ஜி.சி. தயாரித்த பொதுப் பாடத்திட்டம் எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயமானது. அந்தத் திட்டத்தில் எட்டு அலகு, ஐம்பது வகுப்பு. எட்டாவது அலகு முழுக்கக் களப்பணி.

அந்த எட்டாவது அலகைப் பல இடங்களில் ரெக்கார்டு நோட்டில் நான்கு படம் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்று மனதாரச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்துக்குக் கடலூரை விடப் பொருத்தமான ஊர் குறைவு. சிப்காட் ரசாயன ஆலைகள் இங்கே. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் இங்கே. சதுப்புநிலக் காடு பிச்சாவரத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தில் புகுந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 வெள்ளம் வேறு. இப்போது என் வகுப்பில் இருப்பவர்களில் யாரும் சுனாமியைப் பார்த்தவர்கள் இல்லை.

ஒரு முறை பிள்ளைகளைக் கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆற்றுக்குள் இருந்து கடலை நோக்கி ஐந்து இடங்களில் தண்ணீர் பிடித்து, லேபில் உப்பு அளந்து பார்த்தோம். கரையில் நிற்கும்போது மீனவ வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, எந்த நேரத்தில் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும், அப்போது எந்த மீன் உள்ளே வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்று வருடத்தில் அவர் வகுப்பில் வாய் திறந்து அவ்வளவு பேசியது அன்றுதான். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், நானும் எழுதிக்கொண்டேன்.

என்.எம்.இ. எதை எடுக்கலாம்? ஈஸியா மார்க் போடுற டிபார்ட்மென்ட் எது?

என்.எம்.இ. என்றால் உங்கள் துறை அல்லாத இன்னொரு துறையின் பாடம். இரண்டு பேப்பர், இரண்டு இரண்டு கிரெடிட். எந்தத் துறை மார்க் போடும் என்று கேட்டு எடுப்பவர்கள்தான் அதிகம், அல்லது தோழி எடுத்ததையே தானும் எடுப்பது. அப்படி எடுக்காதீர்கள். மூன்று வருடத்தில் உங்கள் துறையை விட்டு வெளியே போய் நீங்களே தேர்ந்தெடுக்கக் கிடைப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

வேதியியல் படித்த ஒரு மாணவர், கடலூர் முதுநகர்க்காரர், வணிகவியல் துறையில் அடிப்படைக் கணக்குப்பதிவு எடுத்தார். அவர் அப்பா துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிறவர். யாருக்கு எத்தனை பார் ஐஸ் கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் சிகரெட் அட்டை பின்பக்கத்தில்தான் இருந்தது. பையன் பற்று வரவு எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு நீள நோட்டு வாங்கி எல்லாப் பாக்கியையும் பெயர் பெயராக ஏற்றினார். நோட்டை ஒரு நாள் என்னிடம் காட்டினார். இடது பக்கம் படகின் பெயர், வலது பக்கம் தொகை, கடைசிப் பத்தியில் சிவப்பு மையில் மிச்சம். அந்தப் பேப்பரில் அவருக்கு 61 மார்க். 90 வாங்கியவர்களுக்கு இப்போது அந்தப் பாடத்தின் பெயராவது நினைவிருக்குமா தெரியாது.

புதுச்சேரியில் எம்.டி.சி. எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விதி உண்டு. உங்கள் மேஜர், மைனர் வரிசையில் பிளஸ் டூ-வில் ஏற்கெனவே படித்ததையே அதில் திரும்ப எடுக்கக் கூடாது.

பிரெஞ்சு எடுத்தா நூத்துக்கு தொண்ணூறு வருமாமே? தமிழை விட்டுடட்டுமா?

நான் தமிழாசிரியர், அதனால் தமிழுக்குத்தான் பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் ஆர்வம் இருந்தால் தாராளமாக எடுங்கள். அதுவும் புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சு படிப்பது ஒரு கொடுப்பினை, பேசிப் பழக ஆட்களும் இடமும் அங்கே உண்டு. நன்றாகப் படித்து வெளியில் பிரெஞ்சு மொழித் தகுதிக்கான டெல்ஃப் தேர்வும் எழுதினால் அது வேலைக்கே உதவும்.

மார்க்குக்காக மட்டும் என்றால் இரண்டு விஷயம் யோசியுங்கள். முதல் செமஸ்டர் அரிச்சுவடியில் தொடங்கும், மார்க் வரும்தான், ஆனால் நான்கு செமஸ்டரில் வினைச்சொல் மாற்றங்கள் ஏறிக்கொண்டே போகும், தினம் உட்காராதவர்கள் மூன்றாவதில் தடுமாறுவார்கள். இரண்டாவது, அரசு வேலை எண்ணம் உண்டா? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தமிழ்ப் பகுதி 150 மதிப்பெண்ணுக்கு, அதில் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டு வருடம் தமிழை விட்டுவிட்டு அந்தத் தேர்வுக்கு வருபவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

நான் வெளி மாநிலத்துல படிச்சேன், தமிழ் எழுதவே வராது. என்ன பண்றது?

பார்ட் ஒன்றில் உங்களுக்குத் தெரிந்த மொழியை எடுங்கள். அப்படி எடுத்தால் பார்ட் நான்கில் என்.எம்.இ.க்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் இரண்டு பேப்பர் வரும். பள்ளித் தொடக்க நிலை அளவுதான், எழுத்து, சொல், சின்னச் சின்ன வாக்கியம். பயம் வேண்டாம். பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பிரெஞ்சோ இந்தியோ எடுத்தவர்களுக்கு இருப்பது சிறப்புத் தமிழ். பத்தாவதோடு தமிழை நிறுத்தியவர்கள் சேர்க்கைப் படிவத்திலேயே அதை எழுதிக் கொடுங்கள், தவறான பிரிவில் போட்டுவிட்டால் பிறகு மாற்ற அலைய வேண்டும்.

பார்ட் நாலு மார்க், பர்சன்டேஜ்ல சேருமா?

பெரும்பாலும் வகுப்பு, அதாவது முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பது பார்ட் மூன்றை வைத்துத்தான் கணக்காகும். எம்.ஏ., எம்.எஸ்ஸி. சேர்க்கையிலும் அதைத்தான் பார்ப்பார்கள். பார்ட் ஒன்றுக்கும் இரண்டுக்கும் தனித்தனியாகக் கிரேடு வரும். பார்ட் நான்கில் பாஸ் ஆக வேண்டும், அவ்வளவே. ஆனால் பாஸ் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே அந்த மாணவி கதையில் சொல்லிவிட்டேன்.

புதுச்சேரி அமைப்பு அப்படி இல்லை. அங்கே பொதுப் பாடங்களும் மொத்தச் சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ.யில் ஏறும். நான்காம் வருடம் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் போக முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் கேட்கிறார்கள், ஆகவே வி.ஏ.சி.யை அலட்சியமாக விட்டவர்கள் அங்கே சறுக்குவார்கள்.

இன்டர்னல்ல 22 இருக்கு. எக்ஸ்டர்னல்ல 25 எடுத்தேன். மொத்தம் 47, பாஸ்தானே?

இல்லை. பாஸ் மார்க் 40 என்பது பாதி விதிதான். எழுத்துத் தேர்வு 75-க்கு, அதிலேயே தனியாக 40 சதவீதம், அதாவது 30 எடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. 25 எடுத்தால் அரியர். இன்டர்னல் நல்லா இருக்கு என்ற தைரியத்தில் பார்ட் நான்கு பேப்பருக்கு முந்தைய இரவு மட்டும் படிக்கும் பிள்ளைகள் விழுவது சரியாக இந்தக் குழியில்.

என்.எஸ்.எஸ்.ல சேரலைன்னா அந்த ஒரு கிரெடிட் போயிடுமா?

என்.எஸ்.எஸ். மட்டும்தான் என்றில்லை. என்.சி.சி., விளையாட்டு, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் என்று கல்லூரி வைத்திருக்கும் எதில் இருந்தாலும் சரி. ஏதாவது ஒன்றில் பெயர் இருக்க வேண்டும், வருகையும் இருக்க வேண்டும். என்.எஸ்.எஸ். என்றால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய திட்டம் அது. முகாமுக்கு மட்டும் வந்துவிட்டுச் சான்றிதழ் கேட்டால் தர மாட்டார்கள்.

ஸ்வயம்ல ஆன்லைன் கோர்ஸ் முடிச்சா இந்தப் பேப்பர்ல விலக்கு கிடைக்குமா?

ஸ்வயம் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். விலக்கு கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தக் கோர்ஸ் எந்தப் பேப்பருக்கு ஈடு என்று துறை எழுதிக் கொடுத்த பிறகு சேருங்கள். நீங்களாக ஒன்றைப் படித்துவிட்டுச் சான்றிதழோடு வந்தால் அது அறிவுக்கு நல்லது, மார்க்‌ஷீட்டில் ஏறாது. தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' கோர்ஸ் அப்படி இல்லை, அது உங்கள் செமஸ்டர் அட்டவணையிலேயே இருக்கும், முடிக்காவிட்டால் அதுவும் அரியர்தான்.

ஒரு வருஷம் பாண்டியில படிச்சுட்டு கடலூர்ல ரெண்டாம் வருஷம் சேர முடியுமா?

இதுதான் உள்ளதிலேயே சிக்கலான கேள்வி. மேஜர் பேப்பர்கள் ஓரளவு பொருந்திவிடும். இடிக்கப்போவது பொதுப் பாடம்தான். மேலே சொன்ன இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மொழிப் பாடம் மொத்தமே 8 கிரெடிட், இங்கே தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 24. அப்போது வந்து சேரும் பல்கலைக்கழகம் சமநிலை பார்த்து, குறைகிற பேப்பர்களைக் கூடுதலாக எழுதச் சொல்லும். இரண்டாம் வருடப் பாடத்தோடு முதல் வருடத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து தலையில் ஏறும்.

டி.சி. வாங்குவதற்கு முன்னால் அந்தச் சமநிலைக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் வா" என்று யாராவது வாய்ச்சொல் கொடுத்தால் நம்பி வந்துவிடாதீர்கள். புதுச்சேரி அமைப்பில் ஒரு வருடத்தோடு நிறுத்துபவர்களுக்கு 40 கிரெடிட்டும், கோடையில் 4 கிரெடிட் தொழிற்பாடமும் முடித்திருந்தால் சான்றிதழ் உண்டு, மூன்று வருடத்துக்குள் திரும்பியும் சேரலாம். குடும்பக் கஷ்டத்தால் நிறுத்துகிறவர்கள் இதைக் கேட்டு வாங்காமல் வெறுங்கையோடு போகக் கூடாது.

லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம்னு பெரிய ஃபீஸ் வாங்குறாங்களே, அங்க 'ஜெனரல் எஜுகேஷன்'னு சொல்றதும் இதுவும் ஒண்ணா?

நோக்கம் ஒன்று, நடைமுறை வேறு. அமெரிக்காவில் கொலம்பியா கல்லூரி 1919-லேயே எல்லா மாணவர்களும் சேர்ந்து படிக்கும் பொதுப் பாடத்தைத் தொடங்கிவிட்டது. அங்கே பொதுவாக ஒரு பட்டம் 120 கிரெடிட். அதில் எழுத்துப் பயிற்சி, கணக்கு, ஆய்வகத்தோடு ஓர் அறிவியல், வரலாறோ சமூக அறிவியலோ ஒன்று, கலை ஒன்று, வேற்று மொழி என்று வகை வகையாகக் கேட்பார்கள். மேஜரையே இரண்டாம் வருடக் கடைசியில்தான் முடிவு செய்யலாம்.

வித்தியாசம் இங்கேதான். அங்கே ஒவ்வொரு வகைக்குள்ளும் பத்து இருபது பாடம் இருக்கும், மாணவர் தேர்ந்தெடுப்பார். நமக்கு வரிசை அச்சடித்து வந்துவிடுகிறது. அதற்காக நம்முடையது மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணும் முந்திரிக்காட்டுக் கூலி வீட்டுப் பையனும் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் மொழி, அறிவியல், கணக்கு, சமூகம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர முடிகிறது. தேர்ந்தெடுக்கும் இடத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினால் நன்றாக இருக்கும், அதைப் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஃபைனல் இயர் முடிக்கப் போறேன். முதல் செமஸ்டர் வேல்யூ எஜுகேஷன் அரியர் இருக்கு. பி.எட். சேர முடியுமா?

அரியர் நிற்கும் வரை புரொவிஷனல் வராது, புரொவிஷனல் இல்லாமல் பி.எட். சேர்க்கை உறுதியாகாது. ஆகவே வருகிற தேர்வுக்கே பணம் கட்டுங்கள், அடுத்ததில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். முதலில் ஆறு மார்க்‌ஷீட்டையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, ஒவ்வொரு பேப்பர் கோடுக்கும், அதாவது குறியீட்டு எண்ணுக்கும், எதிரே பாஸ் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய கோடிலேயே தேர்வு உண்டா, ஈடான பேப்பர் எது என்று தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டணச் சலான் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். ஹால் டிக்கெட் வந்ததும் அந்தக் கோடு அதில் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.